ஆயிரம் பொய்யும் ஒரு காபி புட்டிங்கும்

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை நடத்தி வை என்பது நம் ஊர்க் கணக்கு. இங்கிலாந்தில் ஓர் அம்மணி இதே கணக்கில் நான்கு கல்யாணம் நடத்தினார். நான்கும் தனக்கேதான். அதில் இரண்டு சட்டப்படி செல்லாது. இந்த லட்சணத்தில், வீட்டை எப்படிப் பார்த்துக்கொள்வது, விருந்தாளிக்கு எப்படிப் பரிமாறுவது என்று அந்த நாட்டுக் குடும்பப் பெண்களுக்கு இருபது வருஷம் டிவியில் பாடம் எடுத்தார். ஃபேனி க்ரடாக் என்று பெயர். பெயரும் பொய்தான்; ஆனால் முறையாகப் பதிவு செய்த பொய்.

நிஜப் பெயர் ஃபிலிஸ் நான் சார்ட்டன் பீச்சி. 1909 பிப்ரவரி 26 அன்று லண்டனை ஒட்டிய லெய்ட்டன்ஸ்டோனில் பிறந்தார். அப்பா நாடகப் பாட்டு எழுதுவார், நாவல் எழுதுவார், கடன் வாங்குவார். மூன்றாவது கலையில்தான் மனுஷர் கரை கண்டவர். 1930-இல் திவால் கோர்ட்டுப் படியேறினார். அம்மாவோ இன்னும் ஒரு படி மேலே. குழந்தைக்கு ஒரு வயதானபோது, பாட்டியின் பிறந்தநாளுக்கு என்ன கொடுக்கலாம் என்று யோசித்து, குழந்தையையே கொடுத்துவிட்டாராம். அம்மணி சொன்ன கதை இது. பத்து வயது வரை பாட்டி வீட்டில் வளர்ந்தது மட்டும் உண்மை.

பிறகு ஹாஸ்டலோடு கூடிய பள்ளிக்கூடம். அங்கே சக மாணவிகளைச் சேர்த்துக்கொண்டு ஆவிகளோடு பேச முயன்றதால் பதினைந்து வயதில் சீட்டைக் கிழித்து அனுப்பினார்கள். பதினான்காம் லூயி மன்னனின் அரண்மனைக்காரர்களோடு தனக்கு நேரடித் தொடர்பு உண்டு என்று பின்னாளிலும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆவியில் ஆரம்பித்தவர் ஆவி பறக்கச் சமைத்துப் பேர் வாங்கினார் என்றால் கோணலாக எதுவும் இல்லை.

கல்யாணக் கணக்குக்கு வருவோம். பதினேழு வயதில் முதல் கல்யாணம், மாப்பிள்ளை விமானி. சில மாதங்களில் விமானம் விழுந்து அவர் போய்ச் சேர்ந்தார். அம்மணி வயிற்றில் பிள்ளை. 1928-இல் இரண்டாவது. இன்னொரு பிள்ளை பிறந்த கொஞ்ச நாளில் அம்மணி பெட்டியைக் கட்டிக்கொண்டு லண்டனுக்குக் கிளம்பிவிட்டார். இரண்டாமவர் கத்தோலிக்கர், விவாகரத்து தரமாட்டேன் என்று கையை விரித்தார். அதனாலென்ன என்று 1939 செப்டம்பரில் மூன்றாவது. அதே மாதம்தான் உலகப் போரும் ஆரம்பித்தது. போர் ஆறு வருஷம் ஓடியது. கல்யாணம் சில வாரம். பிள்ளைகள் இருவரும் அம்மா இல்லாமல் வேறு வேறு வீடுகளில் வளர்ந்தார்கள். அதில் சிரிக்க எதுவும் இல்லை, எனவே நகர்வோம்.

நடுவில் வயிற்றுப்பாட்டுக்கு வீடு வீடாகத் துப்புரவுச் சாமான் விற்றார், துணி தைத்தார். அந்தப் பஞ்சத்திலும் யாரிடமும் வாய் அடங்கிப் போனதாகத் தெரியவில்லை.

அப்புறம் வந்தார் ஜானி க்ரடாக். ராணுவ மேஜர், ஒற்றைக் கண்ணாடி, கொஞ்சம் குடி, நிறையப் பொறுமை. ஏற்கெனவே கல்யாணமாகி நான்கு குழந்தைகள். அவர்களை விட்டுவிட்டு அம்மணி பின்னால் வந்தார். கட்டிக்கொள்ளச் சட்டம் இடம் தராததால், 1942-இல் அம்மணி பத்திரம் எழுதி ‘க்ரடாக்’ என்ற பெயரை மட்டும் கட்டிக்கொண்டார். ஊருக்கெல்லாம் மிஸ்டர் அண்ட் மிஸஸ். கிட்டத்தட்ட முப்பத்தைந்து வருஷம் யாரும் கல்யாண போட்டோ கேட்கவில்லை.

1950-இல் இருவரும் சேர்ந்து ‘பான் விவர்’ என்ற ஒரே புனைபெயரில் டெய்லி டெலிகிராஃப் பத்திரிகையில் எழுத ஆரம்பித்தார்கள். ஹோட்டல் ஹோட்டலாகப் போய்ச் சாப்பிட்டு, எது தேறும், எது தேறாது என்று எழுதுகிற வேலை. எனக்குத் தெரிந்து உலகத்திலேயே உத்தமமான வேலை அதுதான். அதோடு ஆயிரக்கணக்கானோர் கூடும் அரங்குகளில் மேடை போட்டுச் சமைத்தார்கள். ராயல் ஆல்பர்ட் ஹாலையே அடுப்படியாக்கினார்கள்.

அந்தக் காலத்து இங்கிலாந்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1940-இல் வந்த ரேஷன் 1954 ஜூலையில்தான் முழுசாகப் போனது. பதினான்கு வருஷம் கூப்பனும் கையுமாக வரிசையில் நின்று, முட்டைக்குப் பதில் முட்டைப் பொடியைக் கரைத்துக்கொண்டிருந்த ஜனங்கள். வெண்ணெய் கண்ணில் பட்டால் விழுந்து கும்பிடும் நிலை. மறு வருஷமே, 1955-இல், பிபிசியில் வந்து நின்றார் அம்மணி. எப்படி? தரையைத் தொடும் பட்டு கவுன். அரச குடும்பத்துக்கே தைக்கிற நார்மன் ஹார்ட்னெல் தைத்தது. கழுத்தில் முத்துமாலை. ஏப்ரன் கிடையாது. புருவத்தை இருந்த இடத்திலிருந்து வழித்துவிட்டு, நெற்றியில் பாதி உயரத்தில் பென்சிலால் புதிதாக வரைந்திருப்பார். அதனால் உப்புப் போடும்போதுகூட, யாரோ பணத்தைத் திருடிவிட்டார்கள் என்பது போல ஒரு பார்வை. பக்கத்தில் ஜானி. அவர் வேலை ஒயினைப் பற்றி நாலு வார்த்தை சொல்வது, ஏச்சு வாங்குவது. முதல் வேலைக்கு அதிக நேரம் கிடைத்ததில்லை.

சமையல் எப்படி என்று கேட்பீர்கள். மசித்த உருளைக்கிழங்கில் பச்சைச் சாயம் கலந்து, கேக்குக்கு க்ரீம் பிழிகிற கூம்பில் போட்டுப் பூப்பூவாகப் பிழிவார். நாக்கு கேட்கிறதோ இல்லையோ, கண் கேட்கும் என்பது அவர் சித்தாந்தம். டிவி அப்போது கறுப்பு வெள்ளை. வீட்டில் பார்த்தவர்களுக்குப் பச்சை வேறு, சாம்பல் வேறு என்று தெரியவா போகிறது! கிண்டல் இருக்கட்டும், ஒரு விஷயத்தில் அம்மணியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த அலங்காரத்துக்கு ஆகிற செலவு சில்லறைக் காசு. மளிகைக் கடைக்காரனிடம் கடன் சொல்லிவிட்டு வருகிற ஒருத்தி, மலிவான கிழங்கை வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் ராஜவிருந்து படைத்ததாக நினைத்துக்கொள்ளலாம். அதற்கு வழி சொன்னவர் இவர். வறுமையைச் சாயம் போட்டு மறைப்பதில் அவருக்குச் சொந்த அனுபவம் இருந்தது.

1975-இல் வந்த கிறிஸ்துமஸ் தொடரைப் பார்த்தால் ஆளின் முழு ரூபம் தெரியும். பதினைந்து பதினைந்து நிமிஷமாக ஐந்து பகுதி. கூஸ் வாத்தின் தோலை முள்கரண்டியால் குத்திக் காட்டுகிறார். குத்தும்போது உங்களுக்குப் பிடிக்காத யாரையாவது நினைத்துக்கொள்ளுங்கள் என்று யோசனை வேறு. குத்துகிற வேகத்தைப் பார்த்தால் அவர் பட்டியல் நீளம் என்று புரிகிறது. இன்னொரு பகுதியில் ஆம்லெட். உள்ளே ‘மின்ஸ்மீட்’: பெயரில்தான் கறி, உலர்திராட்சை, ஆப்பிள், மசாலா, கொழுப்பு எல்லாம் போட்டு ஊறவைத்த தித்திப்புக் கலவை அது. அதை முட்டைக்குள் வைத்து மடித்து, மேலே சர்க்கரைப் பொடியைத் தூவுகிறார். பக்கத்தில் நிற்கிற உதவியாளர்கள் வாயைத் திறப்பதில்லை. எடு என்றால் எடுக்கிறார்கள், வை என்றால் வைக்கிறார்கள்.

வெளியிலும் அப்படித்தான். 1964-இல் தன் ரோல்ஸ் ராய்ஸைப் போக்குவரத்துக்குக் குறுக்கே நிறுத்திவிட்டார். நகர்த்தச் சொன்ன போலீஸ்காரரைச் சீருடை போட்ட போக்கிரி என்கிற மாதிரி ஏசினார். அவர் விடவில்லை. சரியென்று வண்டியைப் பின்னால் எடுத்தார் அம்மணி, பின்னால் நின்ற கார் மேலேயே ஏற்றினார். அபராதம் 5 பவுண்டு. ரேடியோவில் ‘ஃபேனி ஹேடாக்’ என்று ஒரு நடிகை இவரைப் போலவே பேசி ஊரைச் சிரிக்க வைத்தார். ஹேடாக் என்பது ஒரு மீன். டிவி கோமாளி பென்னி ஹில்லும் புடவை கட்டாத குறையாக வேஷம் கட்டினார். எதற்கும் அம்மணியின் நாற்காலி ஆடவில்லை. செல்லாத கல்யாணம், விட்டுவிட்டு வந்த பிள்ளைகள், பதினான்காம் லூயி, எதுவும் அவரை அசைக்கவில்லை.

அசைத்தது ஒரு காபி புட்டிங்.

1976. ‘தி பிக் டைம்’ என்று பிபிசியில் ஒரு நிகழ்ச்சி. சாதாரண மனிதர்களுக்குப் பெரிய இடத்தில் ஒரு வாய்ப்பு. டெவன் பகுதி விவசாயக் குடும்பத்துப் பெண் க்வென் ட்ரோக், சமையல் போட்டியில் ஜெயித்தவர். முன்னாள் பிரதமர் எட்வர்ட் ஹீத்துக்கு டார்செஸ்டர் ஹோட்டலில் நடக்கும் விருந்துக்கு அவர்தான் சமையல் பட்டியல் போட வேண்டும். போட்டார்: கடலுணவு காக்டெய்ல், கருப்பு முட்பழக் குழம்போடு வாத்து, கடைசியில் காபி க்ரீம் புட்டிங். ஆலோசனை சொல்ல அழைக்கப்பட்டவர் நம் அம்மணி.

அந்தப் பெண் பட்டியலை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அம்மணியின் கண் உருள்கிறது, கன்னம் உப்புகிறது. முட்பழமா, அப்படியென்றால் என்ன என்று கேள்வி. இங்கிலாந்தில் வேலிக்கு வேலி காய்க்கிற பழம் அது! அப்புறம் வாந்தி வருகிற மாதிரி ஒரு பாவனை. புட்டிங் ருசிதான், ஆனால் இந்த விருந்துக்குத் திகட்டும். இது தொழில் தெரிந்தவர்கள் புழங்குகிற இடம் என்று தீர்ப்பு. வருகிறவர்கள் கப்பல்காரர்களாம். அதனால் மாவில் படகு செய்து, உள்ளே பழக் க்ரீம் நிரப்பி, குச்சியில் ஆரஞ்சுத் துண்டைக் குத்திப் பாய்மரமாக நிறுத்தச் சொன்னார். க்வென் தலையாட்டினார். விருந்தில் அந்தப் படகு எடுபடவில்லை.

திகட்டும் என்று சொன்னதில் தப்பில்லை; வாத்துக்குப் பிறகு க்ரீம் யாருக்கும் நெஞ்சில் நிற்கும். ஆனால் ஜனங்கள் பார்த்தது புட்டிங்கை அல்ல, அந்த முகத்தை. தங்கள் அம்மா மாதிரி, அத்தை மாதிரி ஒருத்தி கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்க, முத்துமாலை போட்ட இன்னொருத்தி குமட்டிக் காட்டினாள். அவ்வளவுதான். கோபம் பிபிசி வாசல்வரை வந்தது. ஒளிபரப்பான இரண்டே வாரத்தில் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார்கள். சமையல் நிகழ்ச்சி நடத்த பிபிசி அப்புறம் அவரைக் கூப்பிடவில்லை. ஆயுசு முழுக்கச் சொன்ன பொய்யில் பிடிபடாதவர், ஒரு முகச்சுளிப்பில் பிடிபட்டார்.

வேலை போனதும் ஓய்வாகக் கல்யாணம் செய்துகொண்டார். 1977 மே மாதம், அதே ஜானியோடு. இரண்டாமவர் இறந்துவிட்டார் என்று நினைத்துப் பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள். அவரோ நலமாக இருந்தார், காலமானது 1978-இல். ஆக, இதுவும் செல்லாது. கல்யாணச் சான்றிதழில் மணமகள் வயது 55 என்று எழுதிக் கொடுத்தார். அப்போது அவருடைய மூத்த பிள்ளைக்கு வயது 50.

ஜானி 1987-இல் போனார். அம்மணி 1994-இல், கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டாம் நாள், ஹெய்ல்ஷாமில் ஒரு முதியோர் இல்லத்தில் இறந்தார். அவர் எழுதிக் கொடுத்த கணக்குப்படி வயது 72. பத்திரிகைகள் போட்டது 85. பத்திரிகைகளையே நம்புங்கள்.