பில் கேட்டால் முறைப்பு

கேள்வி: ஹட்டன் டவுனில் சாமான் வாங்கிவிட்டு பில் கேட்டால், கடன் கேட்டமாதிரி முறைக்கிறாரே கடைக்காரர்! (வாசகி, நோர்வூட்)

பதில்: முறைக்கட்டும் அக்கா, நீங்கள் கேளுங்கள்! 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டு தந்தே ஆகவேண்டும். விலைப்பட்டியலும் கண்ணில் படும்படி தொங்கவேண்டும். பால்மா பைக்கற்றில் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் குற்றம்தான். சம்பள நாளில் பஸ் பிடித்து வந்து நிற்கிற ஆளிடம் "வேணும்னா வாங்கு, இல்லாட்டி போ" என்று ஒருமையில் பேசுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்தக் கடையில் விளக்கெரிவதே உங்கள் தேயிலைக் கொழுந்துக் காசில்தானே! மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது தராசு முள்ளை விட்டு அகலாத கண் உங்களுடையது. அதைக் கடைத் தராசிலும் வையுங்கள். பில்லைப் பத்திரப்படுத்தி, வாங்கிய மூன்று மாதத்துக்குள் அந்த அதிகாரசபையிடம் எழுத்தில் முறையிடுங்கள். அவசரத்துக்கு அவர்களின் தொலைபேசி இலக்கம் 1977.