ஐந்து கிரெடிட்டுக்கு ஒரு தேசம்

தம்பரே, பின்லாந்து
நவம்பர் மாதம், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

பெரியம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கொடுத்தனுப்பிய தட்டை உடையாமல் வந்து சேர்ந்தது, முறுக்குதான் பொடியாகிவிட்டது. பொடியையும் விட்டுவைக்கவில்லை.

போன வாரம் போனில், "ஏட்டி, மெஷின் படிக்கத்தான போன, நடுவுல அதென்ன சமூகம், பண்பாடுன்னு ஒரு பாடம்?" என்று கேட்டீர்கள். பதில் சொல்வதற்குள் வழக்கம்போல வி.கே.புரத்தில் சிக்னல் போய்விட்டது. அதனால் சாவகாசமாக எழுதுகிறேன். கடைசியில் உங்களுக்கு ஒரு வேலையும் வைத்திருக்கிறேன்.

வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே இங்குள்ள பல்கலைக்கழகங்களில் பின்லாந்தின் சமூகம், பண்பாடு பற்றி ஒரு பாடம் உண்டு. பெயர் ஊருக்கு ஊர் மாறும்; சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். வரலாறு, பள்ளிக்கூடம், பெண்ணுரிமை, காடு, சவுனா, கலேவலா. எடுத்தால் ஐந்து கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 27 மணி நேர உழைப்பு என்று இங்கே கணக்கு. ஆக, 135 மணி நேரத்தில் ஒரு தேசம் கைவசமாகிவிடும். எதிர்வீட்டு அண்ணன் தம்பிக்குள் என்ன தகராறு என்று நாற்பது வருஷமாக அதே தெருவில் குடியிருக்கும் உங்களுக்கே இன்னும் பிடிபடவில்லை என்பதை நான் இங்கே யாரிடமும் சொல்லவில்லை.

வகுப்பில் முப்பது சொச்சம் பேர். நைஜீரியா, வியட்நாம், ஸ்பெயின், பிரேசில், ஜெர்மனி என்று எல்லாத் திசையிலிருந்தும் ஆள் இருக்கிறது. ஆசிரியையைத் தவிர பின்லாந்துக்காரர் மட்டும் ஒருவர்கூட இல்லை. அவர்கள் எல்லாம் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கேண்டீனில் தனித்தனி மேஜையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பார்கள். இந்தப் பக்கம் நாங்கள் அவர்களைப் பற்றிக் குறிப்பு எடுத்துக்கொண்டிருப்போம்.

பெண் பார்க்க ஆள் வரும்போது எதை முன்கூடத்தில் வைப்பது, எதைப் புறவாசலுக்குத் தள்ளுவது என்று நம் வீடுகளில் ஒரு கணக்கு ஓடுமே, ஒரு தேசம் தன்னைப் பற்றிப் பாடம் நடத்தும்போதும் அந்தக் கணக்கு ஓடுகிறது. முதல் வாரத்திலிருந்து நான் பாடத்தைவிட அதைத்தான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

பத்து மணி வகுப்பு என்று போட்டிருந்தால் பத்தேகாலுக்குத்தான் தொடங்கும். இதற்குப் 'பல்கலைக்கழகக் கால்மணி' என்று பெயர், நெடுங்கால வழக்கமாம். பஸ் ஒரு நிமிஷம் பிந்தினால் முகம் சுளிக்கிற ஜனங்கள், தாமதத்தையும் நேரம் பிசகாமல் செய்கிறார்கள்.

இரண்டாவது வகுப்பு முழுக்க மௌனம் பற்றி. பின்லாந்தில் பேசாமல் இருப்பது மரியாதைக் குறைவல்ல, எதிராளிக்கு யோசிக்க இடம் கொடுப்பது என்று ஆசிரியை ஒன்றரை மணி நேரம் மூச்சுவிடாமல் பேசினார். பிறகு ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருந்தார். ஸ்பெயின் பையனால் மூன்று விநாடிக்கு மேல் தாங்க முடியவில்லை, பேச ஆரம்பித்துவிட்டான். நைஜீரியாக்காரர் அவனை மறுத்தார். நானும் வியட்நாம் பெண்ணும் வாயே திறக்கவில்லை. எங்கள் இருவருக்கும் பின்லாந்து மனசு அதற்குள் வந்துவிட்டதாக ஆசிரியை எல்லோர் முன்னாலும் பாராட்டினார். எனக்கு வந்த பாராட்டு நியாயமாக ஆறாம் வகுப்புக் கணக்கு டீச்சரின் பிரம்புக்குச் சேர வேண்டியது.

வரலாற்று வகுப்பில் உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன். இந்தத் தம்பரே பஞ்சாலை ஊர், பெரியப்பா! இரண்டு ஏரிகளுக்கு நடுவே ஊரைப் பிளந்துகொண்டு தண்ணீர் விழுந்தோடுகிறது. அதை நம்பி 1820இல் ஜேம்ஸ் ஃபின்லேசன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வந்து தொழிற்சாலை போட்டார். பின்னால் அது பெரிய பருத்தி ஆலையாக வளர்ந்தது. தாமிரபரணித் தண்ணீரை நம்பி நம் ஊரில் மில் போட்ட ஹார்வி துரைமாரும் ஸ்காட்லாந்துக்காரர்கள்தானே. அருவியைக் கண்டால் நமக்குக் குளிக்கத் தோன்றுகிறது, அவர்களுக்கு நூல் நூற்கத் தோன்றுகிறது. இன்னொன்றும் கேளுங்கள். லெனினும் ஸ்டாலினும் முதன்முதலாக நேரில் சந்தித்தது 1905இல் இந்த ஊரில்தான். இதைச் சொன்னதும் தொழிற்சங்கத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு நீங்கள் டிக்கெட் விசாரிக்கப் போய்விடக் கூடாது. குளிர் மைனஸில் இருக்கிறது.

1918இல் இங்கே உள்நாட்டுப் போர் நடந்திருக்கிறது. தொழிலாளர் பக்கம் சிவப்பர், எதிர்ப்பக்கம் வெள்ளையர். தம்பரே சிவப்பர் கோட்டை, ஏப்ரலில் விழுந்தது. முப்பது லட்சம் சொச்சம் ஜனத்தொகையில் 36,000 பேருக்கு மேல் மாண்டார்கள். சண்டையில் செத்தவர்களைவிடச் சுட்டுக்கொல்லப்பட்டும் சிறைமுகாம்களில் பசியிலும் நோயிலும் செத்தவர்கள் அதிகம். தன் குடும்பத்தில் இரண்டு பக்கத்துக்கும் ஆள் இருந்ததாகவும், பாட்டி சாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்றும் ஆசிரியை சொன்னார். அன்று ஸ்பெயின் பையனும் பேசவில்லை. அவன் நாட்டிலும் அப்படியொன்று நடந்திருக்கிறது. இதைப் புறவாசலுக்குத் தள்ளாமல் வெளிநாட்டுப் பிள்ளைகள் முன்னால் கொண்டுவந்து வைத்தார்களே, அதற்காகவே நான் இந்தப் பாடத்துக்கு முழு மார்க் போடுவேன்.

பெண்களுக்கு 1906லேயே ஓட்டு. அடுத்த வருஷத் தேர்தலில் 19 பெண்கள் நாடாளுமன்றத்துக்குள் போய்விட்டார்கள். அதில் மீனா சில்லன்பா என்று ஒருவர். நம் மீனாட்சி இல்லை, பெயரே அதுதான். பன்னிரண்டு வயதில் பருத்தி ஆலைக்கு வேலைக்குப் போனவர், பிறகு வீட்டு வேலைக்காரி, 1926இல் நாட்டின் முதல் பெண் மந்திரி. நம் மில் காலனிப் பெண்களிடம் சொல்லுங்கள்.

பள்ளி உணவு வகுப்பில்தான் கலவரம் வந்தது. எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இலவசச் சாப்பாடு என்று 1943இல் சட்டம் போட்டு 1948க்குள் அமலாக்கிய முதல் நாடு பின்லாந்து என்று திரையில் போட்டார்கள். பெருமைப்பட வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனாலும் கை தன்னால் மேலே போய்விட்டது. 1920களிலேயே சென்னை மாநகராட்சிப் பள்ளியில் சாப்பாடு போட்டதையும், 1956இல் காமராஜர் கொண்டுவந்ததையும் சொன்னேன். உடனே பிரேசில் பெண் தன் நாட்டுக் கணக்கை எடுத்தாள். ஆசிரியை பலகையில் எழுத எழுத அடுத்தடுத்துக் கை உயர்ந்தது. அந்தக் காலத்துப் பின்லாந்துப் பிள்ளைகள் சாப்பாட்டுக்குக் கைம்மாறாகக் காட்டுப் பழமும் காய்கறியும் சேகரித்துக் கொடுக்க வேண்டியிருந்ததாம். அதை அவர் சொன்னபோது யாரும் காதில் வாங்கவில்லை. முடிந்து கேண்டீனுக்குப் போனால் வியாழக்கிழமை. வியாழன் என்றால் இந்த நாடு முழுக்கப் பட்டாணி சூப், கூட ஒரு பான்கேக். நீங்கள் கம்யூனிஸ்ட் என்பது தெரியும். இருந்தாலும் அந்த சூப்பைக் குடித்தால் நீங்களும் காமராஜருக்கே ஓட்டுப் போடுவீர்கள்.

இதற்கெல்லாம் பரீட்சை கிடையாது, கற்றல் நாட்குறிப்புதான். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பக்கம். ஆசிரியை சொன்னதை எழுதக் கூடாது, அதைக் கேட்டு நமக்கு என்ன தோன்றியதோ அதை எழுத வேண்டும். நம் ஊரில் சொந்தக் கருத்து எழுதினால் மார்க் போகும், இங்கே எழுதாவிட்டால் போகும். முதல் பக்கத்தை நிரப்ப முடியாமல் நான் பட்ட பாட்டைப் பார்த்து நைஜீரியாக்காரர், "பிடிக்காததிலிருந்து தொடங்கு, தானாக வரும்" என்றார். வந்தது. பட்டாணி சூப்புக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம்.

கலேவலா இவர்களுடைய காவியம். எலியாஸ் லொண்ரொத் என்று ஒரு டாக்டர், கிராமம் கிராமமாக நடந்து, கிழவர்கள் பாடிய பாட்டுகளைக் கேட்டு எழுதித் தொகுத்து 1835இல் வெளியிட்டார். 1849இல் விரிவான பதிப்பு. ஓலைச்சுவடிக்காக உ.வே.சா. அலைந்தார் அல்லவா, அந்த ரக மனிதர். தங்கள் மொழியில் இதன் மொழிபெயர்ப்பு இருக்கிறதா என்று ஆசிரியை ஒவ்வொருவராகக் கேட்டபோது நான் நெஞ்சை நிமிர்த்தி இருக்கிறது என்றேன். ஹெல்சிங்கியில் வாழ்ந்த இலங்கைத் தமிழர் ஆர். சிவலிங்கம் (எழுத்தாளர் உதயணன்தான்) முழுவதையும் தமிழ்ச் செய்யுளாக்கி 1994இல் வெளியிட்டார். சிந்துவெளி எழுத்தை ஆராய்ந்து, 2010 கோவைச் செம்மொழி மாநாட்டில் விருது வாங்கினாரே அஸ்கோ பர்போலா, அவரும் ஹெல்சிங்கியில் பேராசிரியராக இருந்தவர்தான்.

அதே மிதப்பில் லேபில் என்னோடு வேலை பார்க்கும் பின்லாந்துப் பையனிடம் போய், கலேவலாவில் உனக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்தான். மௌனப் பாடத்தின்படி நானும் காத்திருந்தேன். "பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் படித்தோம், டொனால்டு டக் கதையாக வந்ததைத்தான் முழுசாகப் படித்தேன்" என்றான். விளையாட்டில்லை, டான் ரோசா என்ற அமெரிக்க ஓவியர் கலேவலாவை வைத்து 1999இல் வாத்துக் கதை வரைந்திருக்கிறார். நூலகத்தில் தேடி எடுத்து நானும் படித்தேன். நன்றாகவே இருக்கிறது.

சவுனா என்கிற நீராவிக் குளியலுக்கும் கூட்டிப்போனார்கள். 56 லட்சம் பேருக்கு ஏறத்தாழ 30 லட்சம் சவுனா உள்ள நாடு; 2020இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏற்றிவிட்டார்கள். நாங்கள் போனது 1906இலிருந்து நடக்கும் ராயபோர்த்தி பொதுச் சவுனா. பெண்கள் பக்கம் தனி. உடுப்பு பற்றிப் பெரியம்மா கேட்டால் துண்டு கொடுத்தார்கள் என்று மட்டும் சொல்லுங்கள், அது உண்மைதான். காசு கொடுத்து வேர்க்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் செரிக்கவில்லை. ஆனால் வெந்துபோய் வெளியே குளிரில் வந்து உட்காரும்போது இந்த ஜனங்கள் வாயாடுகிறார்கள்! முன்பின் தெரியாத ஒரு கிழவி தன் மருமகளைப் பற்றி என்னிடம் முழுக்கதையும் சொன்னாள். மௌன வகுப்பில் இது இல்லை.

இப்போது உங்கள் வேலை. பின்லாந்து வழக்கம் ஒன்றை உங்கள் ஊர் வழக்கத்தோடு ஒப்பிடுக, இதுதான் இறுதிக் கட்டுரை. பாதிப் பேர் காபியை எடுத்துக்கொண்டார்கள். நான் வருமான வரியை எடுத்தேன். இங்கே யார் எவ்வளவு சம்பாதித்தார், எவ்வளவு வரி கட்டினார் என்பது ரகசியமில்லை. ஒவ்வொரு நவம்பரிலும் முந்தைய ஆண்டுக் கணக்கை வரித்துறை திறந்துவிடும், பத்திரிகைகள் பட்டியல் போடும். அந்த நாளுக்குப் 'பொறாமை நாள்' என்று பட்டப்பெயரே உண்டு. லேப் பையன், அந்த வாத்துக்கதைக்காரன், அன்று காலை மாத்திரம் யாரும் கேட்காமலே பேசினான்.

நம்மிடமும் இருக்கிறதே, மொய் நோட்டு! பந்தல் வாசலில் மேஜை போட்டு, ஊரும் பேரும் தொகையும் எழுதி, சில ஊரில் மைக்கிலேயே வாசித்து. இவர்கள் வாங்கியதைப் பகிரங்கமாக்குகிறார்கள், நாம் கொடுத்ததைப் பகிரங்கமாக்குகிறோம். வாங்கியதைக் கேட்டால் "ஏதோ ஓடுது" என்போம். இதைச் சொன்னதும் ஆசிரியைக்கு ஒரே குஷி. அசல் பக்கம் ஒன்று இணைக்க முடியுமா என்றார். கூடவே ஒரு படிவமும் கொடுத்தார்: அதில் பெயர் உள்ள அனைவரின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டுமாம். அக்கா கல்யாண நோட்டில் இருப்பவர்களில் போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனை, நம்மோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் எத்தனை! கடைசியில், பெயர்களை மறைத்தால் போதும் என்று இறங்கிவந்தார்.

ஆகவே, இரண்டு பக்கம் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புங்கள். பெயர் வரிசையின் மேல் ஒரு காகிதத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஊரும் தொகையும் தெரிந்தால் போதும். நோட்டைப் பெரியம்மா கையில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். சங்கரன்கோவில்காரர்கள் 101 எழுதியது கண்ணில் பட்டால் எனக்குக் கட்டுரை வராது, அங்கே பாரதம்தான் வரும்.

அன்புடன்,
உங்கள் மகள்

பின்குறிப்பு: ஐந்நூறுக்கு மேல் எழுதிய பக்கமாகப் பார்த்து எடுங்கள் பெரியப்பா. முப்பது நாட்டுக்காரர்கள் பார்க்கப்போகிறார்கள்.