கார் ஷெட் கனவான்

தருமபுரி மாவட்டம் கடத்தூர் வெற்றிலைச் சந்தையில் எல்லாரும் கட்டு என்ன விலை என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது, ஒருவர் மட்டும் டைல்ஸ் சதுர அடி என்ன விலை என்று கேட்டுக்கொண்டிருப்பார். சட்டைப் பையில் பெயின்ட் கம்பெனியின் ஷேட் கார்டு துருத்திக்கொண்டிருக்கும். அவர்தான் கார் ஷெட் கனவான்.

இவர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். இல்லையென்றால் கூட்டுறவுச் சங்கத்தில் இருந்தவர், அல்லது மரவள்ளிக் கிழங்கில் ஒரு நல்ல வருஷத்தைக் கண்டவர். மகன் ஓசூரில் வேலை பார்ப்பான். புதுக் கார் வாங்கியதும் பழைய காரை, "அப்பா, உங்களுக்கு ஆகட்டும்" என்று கடத்தூரில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போய்விடுவான். அன்றிலிருந்து கனவானுக்குத் தூக்கம் கிடையாது. வீட்டுக்குள் கூடத்துச் சுவரில் பட்டி உதிரும், சமையலறை ஜன்னல் கதவு ஒரு துண்டுக் கயிற்றின் தயவில் நிற்கும். அதெல்லாம் அவர் கண்ணில் படாது. வீட்டோரமாக ஓடு வேய்ந்த பழைய கொட்டகை மட்டும் படும். அதைக் கார் ஷெட்டாக்கியாக வேண்டும்.

முதலில் நிறம். இவர் பிறந்து வளர்ந்த வீட்டில் நிறம் என்றால் சுண்ணாம்பு. பொங்கலுக்கு முன்னால் சுண்ணாம்பைக் கரைத்து, வெள்ளை பளிச்சென்று தெரிய ஒரு சிட்டிகை நீலம் கலந்து அடிப்பார்கள். மிஞ்சினால் வாசற்படியோரம் ஒரு காவிப் பட்டை. பெயின்ட் என்றாலே, ஆர்.கே. லட்சுமண் 1954இல் ஏசியன் பெயின்ட்ஸுக்கு வரைந்து கொடுத்த, முடி கண்ணில் விழும் கட்டு என்கிற பையன்தான் ஞாபகம் வரும். அந்தப் பையன் கையிலும் ஒரே ஒரு டப்பாதான் இருந்தது. இப்போது கடையில் ஒரு மெஷின், நம்பரைத் தட்டினால் சாயத்தைச் சொட்டுக் கணக்கில் விட்டுக் கலக்குகிறது. கார்டில் ஆயிரத்துக்கு மேல் நிறம். முப்பது வருஷம் விடைத்தாள் திருத்திய மனிதர், ஒவ்வொரு நிறத்திலும் தப்பு கண்டுபிடிக்காமல் விடுவாரா?

"தம்பி, இந்த மூணாவது சந்தனம் கொஞ்சம் அழுக்கா இல்ல?"

"சார், மூணாவதும் நாலாவதும் ஒண்ணுதான் சார்."

"டியூப் லைட்ல ஒண்ணு. வெயில்ல வேற."

கார்டை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வருவார், வெயிலில் பிடிப்பார், மறுபடி உள்ளே போவார். இதில் அவர் சொல்வது உண்மை. ஒரே பெயின்ட் டியூப் லைட்டில் ஒரு மாதிரியும், வெயிலில் வேறு மாதிரியும்தான் தெரியும். ஒரு விஷயத்தில் தான் சொன்னது சரி என்று தெரிந்த ஆசிரியரை மற்ற விஷயங்களில் யாரும் அசைக்க முடியாது.

அடுத்து சாம்பிள். சின்னச் சின்ன டப்பாவாக வாங்கி வந்து, கொட்டகைச் சுவரில் கட்டம் கட்டமாகப் பூசுவார். நான்காம் நாள் இரண்டு கரைவேட்டிகள் கேட்டைத் திறந்துகொண்டு வந்து, "சார், எலெக்ஷனுக்குச் சுவரை எந்தக் கட்சிக்கு விட்டிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கட்சிக்கு ஒரு கட்டம் ஒதுக்கினாலும் மீதி இருந்திருக்கும்.

கடைசியில் நிறத்தை முடிவு செய்தது அவருடைய மனைவி. அந்த அம்மாள் ஷேட் கார்டைத் தொட்டதே இல்லை. "ஏங்க, இது கடத்தூரு. வர்றவங்க பாதிப் பேரு வாயில வெத்தல இருக்கும். கீழ நாலு அடிக்குச் செங்காவி ஆயில் பெயின்டு அடிங்க. மேல என்ன எழவையோ அடிச்சுக்குங்க." ஆயிரம் நிறத்தைத் தாண்டி வந்த ஆராய்ச்சி ஒரு வெற்றிலை எச்சிலில் முடிந்தது. ஆயில் பெயின்ட் என்றால் கறையை ஈரத்துணியால் துடைத்துவிடலாம். செங்காவி என்றால் துடைக்கவே வேண்டாம்.

நிறமாவது வீட்டுக்குள் முடிந்தது. தரையோ மாவட்ட எல்லையைத் தாண்டியது.

"கறுப்பு கிரானைட் போடலாமா, பர்கூர் பாரடைசோ போடலாமா?" என்று மேஸ்திரியைக் கேட்டார். பாரடைசோ கிருஷ்ணகிரிக் கல்லாயிற்றே என்று யாராவது சொன்னால் கோபம் வரும். "2004லதான் மாவட்டத்தப் பிரிச்சாங்க. மனுஷனக் கேட்டுப் பிரிச்சாங்க, கல்லக் கேட்டாங்களா?" என்பார். ஆனால் கறுப்புக் கல்லுக்கு எமன் சொந்த மாவட்டத்திலேயே இருந்தான். இங்கே போர் தண்ணியில் உப்பு அதிகம். கறுப்பு கிரானைட்டில் கார் கழுவினால், காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும். கடப்பாக்கல் போடலாம் என்றார் ஒரு சகலை. அது சுண்ணாம்புக் கல். மாசி, பங்குனியில் அந்தக் கொட்டகையில்தான் புளி தட்டுவார்கள். புளியின் அமிலம் பட்டால் கடப்பாக்கல் பொரிந்து பளபளப்புப் போய்விடும். தண்ணி, புளி இரண்டையும் தாங்குகிற கல்லைத் தேட ஆரம்பித்தவர், ஒரு ராத்திரி யூடியூபில் ஜெர்மனிக்காரன் கராஜைப் பார்த்துவிட்டார்.

"மேஸ்திரி, எபாக்ஸி! ரெண்டு டப்பாவக் கலந்து ஊத்துறான். முகம் பாக்கலாம்."

மேஸ்திரி பீடியை அணைத்தார். "முகம் பாக்கறதுக்குக் கண்ணாடி வாங்கிக்கலாம் சார். அதுக்குப் புதுக் காங்கிரீட்டு இருபத்தெட்டு நாள் காயணும். அப்புறமும் பாலித்தீன் கவரை ஒட்டிவெச்சு, மறுநாள் அடியில ஈரம் கோத்திருக்கான்னு பாக்கணும். ஈரம் இருந்தா உரிஞ்சுக்கும். சித்திரை வெயில்ல தருமபுரி போய்ட்டு வந்து சூட்டோட டயர நிறுத்துனா, டயரே உரிச்செடுத்துரும். பேசாம சொரசொரப்பா பார்க்கிங் டைல்ஸு போடுங்க. ஒரு அடிக்கு ஒரு அடி, நல்ல கனம், வழுக்காது."

"பார்க்கிங் டைல்ஸ் பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கும்யா. வர்றவன் என்ன நினைப்பான்?"

இந்தக் கேள்வியில்தான் கனவானின் முழு ஜாதகமும் இருக்கிறது. ஷெட்டுக்கு வரப்போவது கார். ஆனால் அவர் இத்தனை மாதமும் யோசித்தது, வந்து பார்க்கப்போகிறவர்களைப் பற்றி.

சேலத்துக்குப் போய்ப் பளபளவென்று விட்ரிஃபைடு டைல்ஸ் எடுத்து வந்தார். "அரை சதவீதம்கூடத் தண்ணி குடிக்காது சார்" என்றான் கடைக்காரப் பையன். வழுக்குமே என்று மேஸ்திரி இழுத்ததற்கு, "காருக்கு நாலு காலுய்யா, வழுக்காது" என்று பதில் வந்தது. பதிக்கும்போது அடுத்த சண்டை. எட்டடிக்கு ஒரு அங்குலம் வாசலைப் பார்த்து வாட்டம் விட வேண்டும் என்றார் மேஸ்திரி. கனவான் ரசமட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். குமிழி நட்டநடுவில் நிற்காத தரையை அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். கணக்கு வாத்தியாரிடம் ஒரு அங்குலம் தப்பு என்றால் தப்புத்தான். மேஸ்திரி, "உங்க தரை, உங்க இஷ்டம்" என்று நட்டநடுவில் நிறுத்திக் கொடுத்தார்.

நல்ல நாள் பார்த்துப் பூசணிக்காய் சுற்றி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துக் காரை உள்ளே விட்டார்கள். பழம் நசுங்கிய இடத்தைத் துடைக்கக் கனவான் துணியோடு காரின் பின்னாலேயே ஓடினார். மாலையில் தரையில் டயரின் கறுப்புத் தடம். அடுத்த வாரம் காரைக் கழுவினார்கள். தண்ணி குடிக்காத டைல்ஸ் கடைக்காரப் பையனின் வாக்கைக் காப்பாற்றியது. வாட்டமில்லாத தரையில் ஒரு சொட்டும் வெளியே போகவில்லை. மாமியாருக்கு வழி விட்டு ஒதுங்கிய மருமகள் அந்தத் தண்ணியில் வழுக்கி, தூணைப் பிடித்துத் தப்பினாள். நாலு காலுள்ள கார் மட்டும் வழுக்காமல் நின்றது.

அதன் பிறகு கார் உள்ளே வரும் வழியில் சாக்கு விரிக்கப்பட்டது. சாக்குக்கு மேல் அட்டை. ஒரு நாள் அட்டையும் நைந்துபோக, கார் தெருவோரம் வேப்பமரத்தடிக்குக் குடி போயிற்று. பார்த்தவர்கள் கேட்டார்கள்:

"என்ன சார், ஷெட்டு இருக்க, காரு வெளிய நிக்குது?"

"தரை புதுசுப்பா."

ஷெட் சும்மா கிடக்கவில்லை. பங்குனியில் பெண்கள் வந்து உட்கார்ந்து புளி தட்டினார்கள். டைல்ஸுக்குப் புளி ஒன்றும் செய்யவில்லை. போர் தண்ணியின் வெள்ளைத் திட்டைக்கூட அந்த அம்மாள் புளிக் கரைசலை விட்டே தேய்த்து எடுத்தார். பேரனுக்குக் காது குத்து அங்கேதான் நடந்தது. சாயங்காலமானால் பிளாஸ்டிக் நாற்காலி நாலு போடுவார்கள். வெற்றிலைத் தோட்டத்துக்காரர், ரிட்டையர்டான போஸ்ட்மேன், சகலை எல்லாரும் கூடுவார்கள். மழை, அரசியல், பெங்களூரு மருமகள்கள் என்று பேச்சு ஒன்பது மணி வரை ஓடும். செங்காவிச் சுவர் தன் கடமையைச் செய்யும்.

இருபது வருஷத்துக்கு முன் வீடு கட்டியபோது, காம்பவுண்டு எழுப்புவதற்காக அப்பா காலத்துத் திண்ணையை இடித்தவர் இவர்தான். அதே திண்ணையைச் சதுர அடிக்கு இவ்வளவு என்று கொடுத்துத் திரும்பக் கட்டிக்கொண்டார். திண்ணை வேண்டும் என்று சொன்னால் மகன் பணம் அனுப்ப மாட்டான். காருக்கு என்றால் அனுப்புவான்.

போன ஐப்பசி மழையில் வேப்பங்கிளை ஒன்று முறிந்து காரின் கூரையில் விழுந்தது. கனவான் மறுநாள் காலையிலேயே மேஸ்திரியை வரவழைத்தார்.

"பின்னால காலி இடம் கிடக்கு மேஸ்திரி. காருக்குன்னு சாதாரணமா ஒரு தகர ஷெட் போடணும். வெறும் சிமென்ட் தரை போதும். நிறம்கூட நீயே பாத்து அடிச்சுடு."

மேஸ்திரி காலி இடத்தைப் பார்த்தார், காரைப் பார்த்தார், கனவானின் கையிலிருந்த ரசமட்டத்தையும் பார்த்தார்.

"செஞ்சுரலாம் சார். ஒரு வாரம் நீங்க ஓசூர்ல மகன் வீட்டுக்குப் போய்ட்டு வாங்க."