இரண்டு விரக்கடை இடம்

ஒரத்தநாடு, வலங்கைமான், அய்யம்பேட்டை என்று டெல்டாவில் எந்த ஊரில் இறங்கினாலும் அவர் இருப்பார். ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில், அல்லது ஜெராக்ஸ் கடைக்குள்ளேயே ஒரு பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம். போர்டில் 'டிஜிட்டல் ஸ்டூடியோ' என்று இருந்தாலும் ஊருக்கு அவர் போட்டாக்காரர்தான். போட்டோ எடுத்தே பல காலம் ஆகிறது என்பது வேறு விஷயம். எடுக்கத்தான் ஆளுக்கொரு செல்போன் இருக்கிறதே. அவர் இப்போது சேர்ப்பவர். எங்கெங்கோ எப்போதோ தனித்தனியாகப் படம் எடுத்துக்கொண்ட இரண்டு பேரை ஒரே ஃப்ரேமுக்குள் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவதுதான் பிழைப்பு.

பேசும்போது நம் கண்ணைப் பார்க்கமாட்டார், காதைப் பார்ப்பார். நம் தலையின் ஓரத்தை மனசுக்குள் வெட்டிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். சுருட்டை முடிக்காரர் படியேறினால் முகம் சுண்டிவிடும். வழுக்கைக்கு நாற்காலி உண்டு, டீயும் வரும். "ஐயாவுக்குப் பென் டூல்ல ஒரே சுத்து" என்பார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

கம்ப்யூட்டரில் இருப்பது போட்டோஷாப் 7.0. வெளிவந்தது 2002இல். அதற்குப் பிறகு எத்தனையோ வந்துவிட்டன, இவர் மாறவில்லை. "இதுல என்ன குறை? ஆளச் சேக்குதுல்ல?" கீபோர்டில் எல்லா எழுத்தும் மங்கல், 'இசட்' மட்டும் அடையாளமே இல்லை. செய்ததைத் திரும்ப எடுக்கும் பொத்தான் அது. வாழ்க்கையில் கிடைக்காத வசதி என்பதால் அளவுக்கு மீறிப் பயன்படுத்துகிறார் போலும்.

அவருடைய பஞ்சாங்கத்தை எழுதுவது காவிரி. ஜூன் 12இல் மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் ஊர் வயலுக்குப் போய்விடும். இவர் ஃபேனுக்கு அடியில் தூங்குவார். சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டு, பணம் ஏறினதும் காதுகுத்து, கல்யாணம், புதுமனை புகுவிழா என்று பேனர் வேலை குவியும். காலம் பார்க்காமல் வருவது படத்திறப்பு ஒன்றுதான். 2017 அக்டோபரில், உயிரோடு இருப்பவர்கள் படத்தைப் பேனரில் போடக்கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டபோது தொழில்காரர்கள் எல்லாரும் பதறினார்கள். இவர் அசையவில்லை. "நமக்கு அந்தப் பக்கத்து ஆளுங்கதான் சோறு போடுறாங்க." உத்தரவும் நிலைக்கவில்லை.

படத்திறப்புக்கு வருகிறவர்கள் கருமாதிக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் வருவார்கள். மகன், மகள், மருமகன், பேரன் என்று படி கொள்ளாத கூட்டம்.

"அண்ணே, இது தாத்தா. இது அப்பாயி. ஜோடியாப் போட்டுக் குடுங்க. காலையில வேணும்."

தாத்தா 1968 மகாமகத்துக்குக் கும்பகோணம் போனபோது ஒரு ஸ்டூடியோவில் ஏறி எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படம். நாற்பது வயது, கருகரு மீசை. இரண்டு வருஷத்தில் போய்விட்டார். அப்பாயி எண்பத்து மூன்று வரை இருந்தாள். போன பொங்கலுக்குப் பேரன் செல்போனில் எடுத்ததுதான் அவளுடைய ஒரே நல்ல படம். அதையும் வாட்ஸாப்பில் நாலு கை மாற்றித் தபால்தலை அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். "டாக்குமென்டா அனுப்புங்கன்னு எத்தன தடவ சொல்றது?" என்று இவர் அலுத்துக்கொள்வது சடங்கில் ஒரு பகுதி.

பன்னிரண்டுக்கு எட்டு, ரெசல்யூஷன் 300 என்று புதுப் பக்கம் திறக்கிறார். இரண்டு படத்தையும் மூவ் டூலால் அதற்குள் இழுத்துப் போடுகிறார், ஆளுக்கொரு லேயராக, அதாவது தனித்தனி அடுக்காக. அளவை மாற்றக் கன்ட்ரோல் டி. ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே மூலையை இழுக்க வேண்டும். விரல் வழுக்கினால் தாத்தா பக்கவாட்டில் பருத்துவிடுவார். குறுக்கே ஒரு கைடு கோடு போட்டு இரண்டு பேர் கண்ணையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருகிறார். திரையைப் பார்த்துக் கூட்டம் கப்சிப்.

அம்மாவும் பிள்ளையும் மாதிரி இருந்தது.

கம்ப்யூட்டர் படித்தவன் இங்கே கைவிரித்துவிடுவான். இவருக்கு வேலை தொடங்குவதே இங்கேதான். "தாத்தாவுக்கு நரையேத்தவா, அப்பாயிக்குச் சுருக்கத்தக் கொறைக்கவா? என்ன சொல்றீய?" மகளுக்கு அப்பா அப்படியே இருக்க வேண்டும். அம்மா முகத்தில் கை வைத்தால் பேரப்பிள்ளைகளுக்கே அடையாளம் தெரியாது என்கிறார் மகன். பாகப்பிரிவினை அளவுக்குப் பேச்சு நீண்ட பிறகு போட்டாக்காரர் தீர்ப்புச் சொல்கிறார்: தாத்தாவுக்குக் கிருதாவில் கொஞ்சம் நரை, அப்பாயிக்குக் கன்னத்தில் பாதிச் சுருக்கம். ஐம்பத்தைந்து வயதுவாக்கில் இரண்டு பேரும் சந்திக்கிறார்கள். தாத்தா பார்க்காத வயது அது.

அடுத்தது திசை. தாத்தா ஒரு பக்கம் பார்க்க, அப்பாயி எதிர்ப்பக்கம் பார்க்கிறாள். இப்போதுதான் சண்டை போட்டு முடித்த தோரணை. ஒருவரைக் கண்ணாடிபோல் திருப்பிவிட்டால் சரியாகும், ஆனால் பெண்களைத் திருப்பினால் முந்தானை வலது தோளுக்குப் போய்விடும். மூக்குத்தி பற்றி மட்டும் அவருக்குக் கவலையில்லை. அந்தத் தலைமுறை இரண்டு பக்கமும் குத்திக்கொண்ட தலைமுறை. ஆகவே தாத்தாவைத் திருப்புகிறார். சட்டைப் பை வலப்பக்கம் போகிறது. உடனே ஒரு கோட்டை மாட்டிப் பையை மறைத்துவிடுகிறார். பழைய ஸ்டூடியோக்களில் வாடிக்கையாளருக்கென்று ஆணியில் ஒரு கோட்டு தொங்கும். இவருக்கு அது ஹார்ட் டிஸ்க்கில் தொங்குகிறது, மூன்று நிறத்தில்.

இந்த ஒட்டுவேலை கம்ப்யூட்டரோடு வந்ததில்லை. ஆஸ்கார் ரெய்லாண்டர் என்ற புகைப்படக் கலைஞர் 1857இலேயே முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக்கிக் காட்டினார். நம் ஊர் ஸ்டூடியோக்களும் கத்தரிக்கோலால் வெட்டி, பசையால் ஒட்டி, அதையே மறுபடி படமெடுத்து ஜோடி சேர்த்தவைதான். போட்டாக்காரருக்கு ரெய்லாண்டர் தெரியாது. அவருக்குத் தெரிந்த சரித்திரம் பெரிய கோயிலோடு சரி. காணாமல் போன ராஜராஜன் சிலையும் லோகமாதேவி சிலையும் 2018இல் குஜராத்திலிருந்து தஞ்சாவூருக்குத் திரும்பினவே, அதைச் சொல்வார். "ராசாவும் ராணியும் ஒரே வார்ப்பா? தனித்தனிதானே? கொண்டாந்து பக்கத்துல நிறுத்தவும் ஊரே கையெடுத்துக் கும்புட்டுச்சுல்ல? அதுவும் ரெண்டு லேயர்தான்."

இதற்குள் பேரன் பொறுமையிழந்து தன் செல்போனை நீட்டுகிறான். செயற்கை நுண்ணறிவாம், இரண்டு படத்தையும் கொடுத்தால் அரை நிமிஷத்தில் சேர்த்துவிடுமாம். சேர்த்துத்தான் இருந்தது. கறுப்பு வெள்ளை கலராகி, இருவரும் பல் தெரியச் சிரித்து, அப்பாயி தாத்தாவின் தோளில் கை போட்டிருந்தாள்.

மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்கம்மா எங்கப்பா பேரைச் சொன்னதே கெடையாது. ஓட்டர் லிஸ்ட்டு எடுக்க வந்தவர்கிட்டகூட என்னையத்தான் சொல்லச் சொல்லும். அது தோள்ல கை போடுமாடா?"

போட்டாக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. மௌஸை மட்டும் கொஞ்சம் நகர்த்தினார். தாத்தாவின் கோட்டுக்கும் அப்பாயியின் சேலைக்கும் நடுவே பின்னணியின் வெறும் நீலம், இரண்டு விரக்கடை. யாரைக் கேட்டு இந்த அளவை வைக்கிறார் என்று தெரியவில்லை. புதுக் கல்யாண ஜோடிக்கு இடமே விடமாட்டார். சிங்கப்பூரிலிருந்து வர முடியாத மாப்பிள்ளையை வளைகாப்புப் படத்தில் சேர்க்கும்போது அரை விரல். அண்ணன் தம்பிக்கு ஒரு விரல், வரப்புத் தகராறு இருந்தால் ஒன்றரை. மகளிடமிருந்து ஆட்சேபணை வரவில்லை. "அம்மா இப்புடித்தான் நிக்கும்" என்றாள்.

இவ்வளவு செய்கிறவர் ஒரு காரியத்தை மட்டும் செய்யமாட்டார். லேயர்களை ஒன்றாக்கி மூடமாட்டார். லேயர் என்ற வசதி போட்டோஷாப்பில் வந்தது 1994இல், அமெரிக்காவில். அதை உண்டாக்கியவர்கள் ஒரு தஞ்சாவூர்க் குடும்பத்தைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் பார்த்துத்தான் செய்தார்கள் என்பது போட்டாக்காரரின் கட்சி. காதுகுத்துப் பேனர் அச்சுக்குப் போகிற நேரத்தில் ஒருவர் ஓடி வருவார்: "என் மச்சான் தலைய எடுத்துடுங்க. நேத்திக்குப் பேசுன பேச்சுக்கு அவன் மூஞ்சி அதுல இருக்கக் கூடாது." எல்லாக் கடையிலும் அழித்துவிடுவார்கள். இவர் அந்த லேயருக்குப் பக்கத்தில் இருக்கும் கண் படத்தை ஒரு தட்டுத் தட்டுவார். மச்சான் மறைந்துவிடுவார், ஃபைலுக்குள் அப்படியே இருப்பார்.

தாய்மாமன் இல்லாமல் யார் மடியில் உட்கார்த்திக் காது குத்துவது என்று பெண்டாட்டி கேட்டிருப்பாள். மறுநாள் அதே ஆள் அதே படியில் நிற்பார், தலையைச் சொறிந்துகொண்டு.

"அந்த மச்சான்... இருக்கானாண்ணே?"

"கண்ண மூடித்தான் வச்சிருக்கேன். தெறக்க நூறு ரூவா."

"நெல்லு போட்டதும் தர்றேன்."

"அப்ப அதுவரைக்கும் பாதி தெறந்து வைக்கிறேன்" என்று ஒபாசிட்டியை ஐம்பதுக்கு இறக்கினார் போட்டாக்காரர்.