பாப்பம், வைச்சிட்டுப் போங்கோ

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு சந்தி நல்ல சந்தியென்று பேரெடுக்க வேண்டுமானால் அங்கே ஒரு தேத்தண்ணிக் கடை, ஒரு சைக்கிள் கடை, சாமான் திருத்துகிற ஒருவர் ஆகிய மூன்றும் இருக்கவேண்டும். முதல் இரண்டும் வாடகை கூடினால் இடம் மாறும். மூன்றாமவர் மாறமாட்டார். அவரிடம் சேர்ந்துவிட்ட சாமான்களை ஏற்ற லொறி பிடிப்பதென்றால் அது வாடகையையும் மிஞ்சிவிடும். பண்டத்தரிப்புச் சந்தியடியில் அப்படி ஒருவரைக் கற்பனையில் இருத்திப் பார்ப்போம். சாரம், நூல் கட்டிய கண்ணாடி, ரேப் சுற்றிய மல்ரிமீற்றர். பேர் தேவையில்லை, 'றேடியோ அண்ணை' என்றால் ஊருக்குப் போதும். றேடியோ திருத்தவென்று இப்போது ஒருவரும் அவரிடம் வருவதில்லை என்றாலும் பட்டம் மட்டும் போகவில்லை. இவரைக் கஞ்சன் என்பாரும் குப்பை சேர்ப்பவர் என்பாரும் உண்டு. என் கட்சி வேறு. நாற்பது வருஷத்துக்கு முந்திய வீடியோ கேம் ஜோய்ஸ்ரிக் ஒன்று படுத்துவிட்டால், அதைச் செய்து விற்ற கொம்பனியைவிட இவர்தான் அதற்கு ஏற்ற வைத்தியர் என்கிறேன். 1820-இல் அமெரிக்க மிஷன் டொக்டர் ஜோன் ஸ்கடர் வந்திருந்து மருந்து கொடுத்த ஊர் இது. பக்கத்துச் சில்லாலையோ நாட்டு வைத்தியத்துக்குப் பேர்போனது. ஆகவே இந்தப் பக்கத்தில் ஒருவரை வைத்தியர் என்று சொல்லிவிட்டுச் சும்மா போக முடியாது, காரணமும் சொல்லியாக வேண்டும்.

நோயாளியை முதலில் பார்ப்போம். அற்றாரி கொம்பனி 1977-இல் தன் புகழ்பெற்ற ரீவி கேம் பெட்டியைக் கொண்டுவந்தது. அடுத்த வருஷம் அதற்கென்று செய்த ஜோய்ஸ்ரிக்குக்கு சிஎக்ஸ் 40 என்று பேர். கறுப்புச் சதுரப் பெட்டி, நடுவில் றப்பர் போர்த்த தடி, மூலையில் ஒரு சிவப்புப் பொத்தான். உலகமெங்கும் பிள்ளைகள் பிடித்து உலுப்பிய இந்தத் தடிக்குள்ளே என்ன மந்திரம் இருக்கிறதென்று திறந்து பார்த்தால் ஏமாற்றம்தான். அடியில் நான்கு ஸ்குரூ ஆணி. உள்ளே ஒரு சின்னச் சேர்க்கிட் போட், அதில் ரேப் ஒட்டிய ஐந்து தகரக் குமிழ்கள். மேல், கீழ், இடம், வலம் என்று நான்கு, சுடுவதற்கு ஒன்று. தடியைச் சாய்த்தால் குமிழ் அமுங்கிப் போட்டிலுள்ள தடத்தைத் தொடும், விட்டால் எழும்பும். வெளியே போகும் கேபிளில் ஆறு வயர்: வெள்ளை மேலே, நீலம் கீழே, பச்சை இடம், மண்ணிறம் வலம், செம்மஞ்சள் சுடுகிறது, கறுப்பு எல்லாருக்கும் பொது. ஒன்பது ஊசி கொண்ட அதே செருகியை கொமடோர் 64-உம் அமிகாவும்கூட ஏற்றுக்கொண்டன. மொத்தத்தில் இது ஐந்து கோலிங்பெல் சுவிச்சுகளை ஒரே பெட்டியில் அடைத்த வேலை. ஆகவே நோயும் பெரிய நோயல்ல. குமிழுக்குக் கீழே கறை பிடிக்கும், அல்லது கேபிள் பெட்டிக்குள் நுழைகிற இடத்தில் மடிந்து மடிந்து உள்ளே வயர் அறும், அல்லது தடியின் பிளாஸ்ரிக் கால் உடையும். முதல் நோய்க்கு றேடியோ அண்ணை சொல்லும் தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான்: "தம்பி, இது பழுதில்லை, ஊத்தை." இரண்டாவதற்குக் கேபிளில் இரண்டு அங்குலத்தை வெட்டிவிட்டு மிச்சத்தைச் சோல்டர் பண்ணுவார். வெட்டிய இரண்டு அங்குலத்தை எறிவதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

எறியாத பழக்கம் எங்கே வந்தது என்று கேட்டால் அதற்குத் திகதி சொல்லலாம். 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பற்றறி அரசு தடைசெய்த சாமான்களில் சேர்ந்தது. மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்க ஜாம் போத்தல் விளக்கு வந்தது. செய்தி கேட்பதற்கு சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவின் ஆறு வோல்ட்டில் றேடியோ பாடியது. டைனமோ தருவது மாறுமின்னோட்டம், றேடியோ கேட்பது நேர்மின்னோட்டம். இடையில் நாலு டையோட்டும் ஒரு கப்பாசிற்றரும் வைக்கவேண்டுமென்பதைப் பள்ளிக்கூடத்தில் படிக்காதவரும் அந்த நாளில் படித்தார். டையோட்டைக் கடையில் வாங்க முடியாது, செத்த ரீவியின் வயிற்றிலிருந்துதான் எடுக்க வேண்டும். அந்த நாளில் பழுதான சாமான் என்று ஒன்று கிடையாது. வேலை செய்கிற சாமான் இருந்தது, அதற்கு உதிரிப்பாகமாகக் காத்திருக்கிற சாமான் இருந்தது. சிலிக்கன் பள்ளத்தாக்கின் பொறியியலாளருக்குக் கிடைக்காத இந்தப் பட்டப்படிப்பு றேடியோ அண்ணைக்குச் செலவில்லாமல் கிடைத்தது. செலவில்லாமல் என்பதை வாசகர் கொஞ்சம் சிரித்தும் கொஞ்சம் சிரிக்காமலும் வாசிக்கவும்.

பழைய ஜோய்ஸ்ரிக்குக்கும் இந்தப் படிப்புக்கும் என்ன தொடுப்பு என்பார்கள். நிறையவே இருக்கிறது. 1983-இல் ஜப்பானில் வெளிவந்த நின்ரெண்டோவின் ஃபமிகொம் பெட்டியைப் பார்த்துச் செய்த மலிவுப் பிரதிகள் தொண்ணூறுகளில் ஆசியாவெங்கும் ரீவி கேம் என்று பரவின. அவற்றின் பொத்தானுக்குக் கீழே இருப்பது கரி பூசிய றப்பர்க் குமிழ். ரீவி றிமோட்டுக்குள்ளும் அதேதான் இருக்கிறது. கரி தேய்ந்த றிமோட்டுக்குச் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை வட்டமாக வெட்டி ஒட்டத் தெரிந்தவருக்கு ரீவி கேமின் பொத்தான் ஒரு பொருட்டா? இன்னொரு சான்று இதைவிடப் பலமானது. இந்தக் காலத்து கேம் பாட்டுகளில் பெருவிரலால் தள்ளுகிற குட்டித் தடிக்குக் கீழே இரண்டு மாறுதடைகள் இருக்கும். கரித் தடத்தின்மேல் ஒரு தகர நாக்கு உரசி ஓடும். தடம் தேய்ந்தால் கை வைக்காமலே திரையில் ஆள் நடக்கத் தொடங்கிவிடுவான். 2017-இல் வந்த நின்ரெண்டோ சுவிச்சின் கைப்பிடிகளுக்கு இந்த நோய் கண்டு, 2019-இல் அமெரிக்காவில் வழக்குவரை போனது. றேடியோ அண்ணைக்கு இது புதினமில்லை. றேடியோவின் சத்தத்தைக் கூட்டும் குமிழுக்குப் பின்னாலும் அதே கரித் தடமும் அதே நாக்கும்தான். முறுக்கும்போது 'கரகர' என்ற றேடியோக்களைத் திருத்தியே அவர் பாதி ஆயுளைக் கழித்தவர். கரகரத்ததைக் காதால் கேட்டவர், இப்போது கண்ணால் பார்க்கிறார், அவ்வளவுதான். தேயாத வழி இல்லாமலில்லை. காந்தத்தை வைத்துத் தொடாமலே நிலையறியும் முறையை சேகா கொம்பனி 1996-இலேயே ஒரு கேம் பாட்டில் போட்டுக் காட்டியது. பிறகும் மற்றக் கொம்பனிகள் தேய்கிற கரியையே ஏன் கட்டிப்பிடித்தன என்று அண்ணையிடம் கேட்டால், "தேயாட்டி ஆர் தம்பி புதுசு வாங்குவினம்?" என்பார். இது முழுக் காரணமல்ல, மலிவும் ஒரு காரணம். ஆனாலும் பிழையான பதில் என்று தள்ளிவிட முடியவில்லை.

இனி அவருடைய குணங்கள். பெட்டியைத் திறந்ததும் முதல் வாசகம், "முந்தி ஆரோ இதுக்குக் கை வைச்சிருக்கினம்." யாரும் கை வைக்காவிட்டாலும் வைத்ததாகத்தான் கணக்கு. எப்போது கிடைக்கும் என்ற கேள்விக்கு, "பாப்பம், வைச்சிட்டுப் போங்கோ." இந்தப் 'பாப்ப'த்துக்கு மூன்று நாளுமாகும், திருவிழா முடிந்து கொடியிறக்கும்வரையும் ஆகும். காசு எவ்வளவு என்றால் முகத்தைச் சுளித்து, "வேலை முடியட்டும் பிள்ளை" என்பார், முடிந்தபின் சொல்லும் தொகையைக் கேட்டால் எங்களுக்கே வெட்கமாயிருக்கும். அவரைத் தோற்கடிக்கவென்றே கொம்பனிகள் வினோதமான ஆணிகளைப் போடுகின்றன. பழைய நின்ரெண்டோ பெட்டிகளின் ஆணித்தலைக்குச் சாதாரண ஸ்குரூ டிரைவர் ஏறாது. அண்ணை ஒரு முடிந்துபோன போல்பொயின்ற் பேனையின் வெளிக்குழாயை மெழுகுதிரியில் காட்டி, இளகினதும் ஆணித்தலையின்மேல் அழுத்திப் பிடிப்பார். கொஞ்சம் ஆறவிட்டு இழுத்தால் பேனை முனையில் அந்த ஆணித்தலையின் அச்சு அப்படியே பதிந்திருக்கும். மெல்லத் திருக, பெட்டி திறக்கும். உலகமெங்கும் பழைய கேம் பெட்டிக்காரர் அறிந்த வித்தை இது. ஆனால் அவர்கள் அந்தப் பேனையைப் பிறகு எறிந்துவிடுவார்கள். அண்ணையிடம் அது 'நின்ரெண்டோச் சாவி' ஆகிப் பால்மாப் பேணிக்குள் நிற்கும்.

சேகரிப்பாளர் என்றொரு சாதியார் இப்போது கிளம்பியிருக்கிறார்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் நரை கண்ட பிறகு சின்ன வயதுச் சாமானைத் தேடி வாங்குகிறவர்கள். அவர்களுடைய வாதம் இது: வேறு வயர் போட்டு, வேறு சுவிச் பொருத்தி, மைக்ரோவேவ் அடுப்புக் கதவில் கழட்டின மைக்ரோ சுவிச்சை ஆர்க்கேட் ஜோய்ஸ்ரிக்கில் பூட்டினால், அது பழைய ஜோய்ஸ்ரிக்கா? அண்ணை திருத்துகிறாரா, ஆளை மாற்றுகிறாரா? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் யாழ்ப்பாணத்தான் இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. பன்னிரண்டு வருஷத்துக்கொருக்கா பாலஸ்தாபனம் பண்ணி, கூரையை மாற்றி, மதிலை இடித்துக் கட்டி, கோபுரத்துக்குப் புது வர்ணம் அடித்துக் கும்பாபிஷேகம் செய்கிறோம். அதற்குப் பிறகு, இது எங்கள் பழைய பிள்ளையார் கோயில் இல்லை என்று எந்த அடியாராவது திரும்பிப் போனதுண்டா? ஆடத்தான் ஜோய்ஸ்ரிக். ஆடாத அசலைவிட ஆடுகிற கலப்பு மேல். ஒரு நிபந்தனை மட்டும் சொல்வேன், மாற்றுகிற சுவிச் அதே அளவாக இருந்தால் போதாது, அமுக்கும் பலமும் ஒத்துப்போக வேண்டும். கனத்த சுவிச்சைப் போட்டுவிட்டு விரல் நோகிறதென்றால் அது அண்ணையின் குற்றம்தான். அவர் அதை ஒத்துக்கொள்ளமாட்டார்.

பொருளாதாரம் படித்தவர்களுடைய ஆட்சேபம் இன்னும் கூர்மையானது. அற்றாரியே 2023 நவம்பரில் அந்தப் பழைய பெட்டியைப் புதுப்பித்து விற்பனைக்கு விட்டது, கூடவே அதே முகம் கொண்ட புது ஜோய்ஸ்ரிக்கும் வந்தது. காசைக் கொடுத்தால் புதுசு வருகிறது, ஒரு மனிதர் அரைநாள் குனிந்திருந்து ஆறு வயரை ஒட்டுவானேன்? காசைக் கொடுத்தால் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 2022-இல் 200 ரூபாயளவில் நின்ற டொலர் இரண்டு மாதத்துக்குள் 350-ஐத் தாண்டியது. அந்த நாட்களில் இறக்குமதிச் சாமானுக்கு விலை கேட்டவர்களுக்குப் பொருளாதாரப் பாடம் தனியாக எடுக்கத் தேவையில்லை. டொலரில் வாங்குவது மாற்றீடு, ரூபாயில் முடிவது திருத்தம், அந்தந்த வருஷத்து நிலவரம் பார்த்துத்தான் எது மலிவென்று சொல்லலாம். அண்ணையின் அரைநாளுக்கு என்ன பெறுமதி என்று கேட்டால், உண்மையைச் சொல்லவேண்டும், அவருடைய கணக்கில் அதற்குப் பெறுமதியே இல்லை. கனடாவில் இருக்கிற மகன் மாதாமாதம் அனுப்புகிற காசில்தான் இந்தக் கடை நடக்கிறது. இதைத் தொழில் என்று ஒத்துக்கொள்ள வங்கி முன்வராது. ஆனால் தொழிலாக நடக்காதது அறிவு இல்லாததற்கு அத்தாட்சியாகாது. சம்பளம் சரியில்லை என்பதற்குத்தான் அது அத்தாட்சி. இன்னும் சிலர் தொலைபேசியிலேயே அந்தப் பழைய விளையாட்டெல்லாம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, கண்ணாடியைத் தடவி விளையாடலாம். தடி எந்த மூலையில் முட்டுகிறது என்று விரலுக்குத் தெரியாமல் தோற்றுக்கொண்டேயும் இருக்கலாம்.

கடைசியாக, எல்லாவற்றையும் சேர்த்து வைப்பது நோயல்லவா என்ற கேள்வி. போர்க்காலத் தடை போய், பாதை திறந்து, பற்றறி பெட்டிக்கடையில் தொங்குகிறது, பிறகும் பேணி பேணியாக டையோட் ஏன்? இங்கே நான் அண்ணைக்கு முழுதாகப் பரிந்து பேசப்போவதில்லை. அவரிடம் கிடக்கிற மூன்று கறல் பிடித்த வீடியோ டெக்குகளுக்கு எந்த நியாயமும் இல்லை. ஆனால் அவர் எல்லாவற்றையும் திருத்தலாம் என்று நம்புகிற மூடரும் அல்ல. 1996-இல் வந்த நின்ரெண்டோ 64-இன் தடி கிண்ணத்தில் உரசி உரசி வெள்ளை மாவாகக் கொட்டும். அதைத் திறந்து பார்த்ததும், "இது போச்சுது, முழுசா மாத்தோணும்" என்று மூடிவிடுவார். தொடுகை கெட்டால் திருத்தலாம், உடம்பு தேய்ந்தால் மாற்றத்தான் வேண்டும், இந்த வேறுபாட்டை ஆணி கழட்டின கையோடு சொல்லத் தெரிவதுதான் வைத்தியம். கொம்பனியின் சேவை நிலையத்தில் இரண்டுக்கும் ஒரே மருந்து, புதுசு வாங்குங்கள் என்பதுதான். கடையைப் பெடியன் ஒருவன் பழகுகிறானா என்று கேட்காதீர்கள், அவன் போன் திருத்தப் போய்விட்டான், அங்கே காசு இருக்கிறது.

ஆகவே ஓகஸ்ட்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறவர்களுக்கு ஒரு சொல். மேல்வீட்டுப் பெட்டியில் கிடக்கிற ஜோய்ஸ்ரிக்கைக் கொண்டுவாருங்கள், வந்த முதல் கிழமையே கொண்டுபோய்க் கொடுங்கள், போகிற நாளைச் சரியாகச் சொல்லாமல் இரண்டு நாள் முந்திச் சொல்லுங்கள். கேம் பெட்டியின் அடப்ரரை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். கனடாவின் 120 வோல்ட்டுக்குச் செய்த பழைய அடப்ரரை இங்கத்தைய 230 வோல்ட்டில் செருகினால் அது புகைந்துவிடும், அதற்கு அண்ணையிடமும் மருந்தில்லை.