ஊறுகாய்க்கு விடுதலை

2014 செப்டம்பர் 24 அன்று மங்கள்யான் செவ்வாய்க் கோளைச் சுற்ற ஆரம்பித்தது. முதல் முயற்சியிலேயே! நாடே கைதட்டியது. அதே நாளில் ஒரு பெரிய நிறுவனம் புதிதாக மாங்காய் ஊறுகாய் போடலாம் என்று நினைத்திருந்தால், சட்டம் வாசலிலேயே மறித்திருக்கும். ஊறுகாய் சிறுதொழிலுக்கு ஒதுக்கப்பட்ட பண்டம். செவ்வாய்க்குப் போகலாம், ஜாடியைத் தொடக்கூடாது.

ஒரு விதிவிலக்கு இருந்தது. போடுகிற ஊறுகாயில் பாதியையாவது ஏற்றுமதி செய்கிறேன் என்று ஒப்புக்கொண்டால் அனுமதி உண்டு. அதாவது வெளிநாட்டான் நாக்குக்குப் பெரிய ஆலை ஊறுகாய் ஒத்துக்கொள்ளும், நம் நாக்குக்குத்தான் ஆகாது.

கதை 1967-ல் தொடங்குகிறது. இரும்பு, கனரக இயந்திரம் எல்லாம் அரசும் பெரிய ஆலைகளும் பார்த்துக்கொள்ளட்டும். சோப்பு, சீப்பு, பூட்டு, நாற்காலி போன்றவற்றைச் சின்னப் பட்டறைக்காரர்கள் செய்து பிழைக்கட்டும். டெல்லியில் போட்ட கணக்கு இதுதான். கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது. மூலதனம் குறைவு, கைகள் நிறைய என்று இருந்த நாடு. முதல் பட்டியலில் 47 பண்டங்கள். அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை.

1977-ல் ஜனதா ஆட்சி வந்தது. ஜார்ஜ் பெர்னாண்டஸ் தொழில் அமைச்சர் ஆனார். கொக்கோ-கோலாவும் ஐ.பி.எம்மும் மூட்டை கட்டிய காலம். பட்டியல் 504 ஆனது. மறு வருடமே 807! ஒரே வருடத்தில் 303 பண்டங்களை எந்த மகான் கண்டுபிடித்தார் என்று தேடாதீர்கள். புள்ளிவிவரத் துறையின் புது வகைப்பாட்டுக் குறியீட்டுக்கு ஏற்பப் பட்டியலைத் திருப்பி எழுதினார்கள். எழுதும்போது ஒன்று இரண்டாகவும் மூன்றாகவும் பிரிந்து, 504 பெருத்து 807 ஆகிவிட்டது. குமாஸ்தா பேனாவுக்கு இத்தனை உற்பத்தித் திறன் இருந்ததை எந்த ஐந்தாண்டுத் திட்டமும் கணக்கில் எடுக்கவில்லை. அதற்குப் பிறகும் பட்டியல் நீண்டது. இதில் இன்னொரு கூத்து: இந்த ஒதுக்கீட்டுக்குச் சட்டப்படி முதுகெலும்பு கிடைத்ததே 1984-ல்தான். பதினேழு வருடம் வெறும் கொள்கையாகவே காலம் தள்ளியிருக்கிறது.

சரி, 'சிறு' என்றால் எவ்வளவு சிறு? இயந்திரங்களில் போட்ட முதலீட்டை வைத்து அளந்தார்கள். 1966-ல் ஏழரை லட்சம், 1975-ல் பத்து, 1980-ல் இருபது, 1985-ல் முப்பத்தைந்து, 1991-ல் அறுபது லட்சம். அந்த அளவுக்குள் இருந்தால் சலுகை வட்டியில் கடன், எக்சைஸ் தள்ளுபடி, போட்டியில்லாத சந்தை. ஒரு லேத் கூடுதலாக வாங்கினால் எல்லாம் போச்சு. வீட்டில் வளர்கிற பிள்ளையைப் பார்த்து "சட்டை பத்தாம போனா சோறு கிடையாது" என்று சொல்வது போல.

பிள்ளை என்ன செய்யும்? வளராது. அல்லது வளர்ந்ததை மறைக்கும். நம் ஆட்கள் இரண்டாவதில் கெட்டிக்காரர்கள். ஒரே காம்பவுண்ட், ஒரே கேட், உள்ளே மூன்று போர்டு. ஒன்று முதலாளி பெயரில், ஒன்று மனைவி பெயரில், ஒன்று மச்சான் பெயரில். நடுவில் ஒரு தகரத் தடுப்பு. மூன்றுக்கும் தனித்தனி கரண்ட் மீட்டர், தனித்தனி ரப்பர் ஸ்டாம்ப். கணக்கப்பிள்ளை மட்டும் ஒருவர். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் முதல் ஷெட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பையன் தடுப்பைத் தாண்டி மூன்றாவது ஷெட்டின் தொழிலாளி ஆகிவிடுவான். இன்ஸ்பெக்டருக்கும் தெரியும். டீ வரும், குடிப்பார், கையெழுத்துப் போடுவார். மச்சானுக்கு மட்டும் கடைசி வரை தான் ஒரு தொழிலதிபர் என்பது தெரியாது.

தீப்பெட்டிக்கு இது பழைய வித்தை. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுவந்து சிவகாசியில் ஆரம்பித்தார்கள். பின்னால் வந்த வரித்திட்டத்தில் குறைவாகச் செய்பவருக்குக் குறைந்த எக்சைஸ். உடனே ஒரு ஆலை நாலு ஆலை ஆனது. குச்சி ஒன்றுதான், கம்பெனி நாலு.

இதெல்லாம் பலன் தந்ததா என்று யாராவது பார்த்தார்களா? பார்த்தார்கள், முப்பது வருடம் கழித்து. 1997-ல், அரசே அமைத்த அபித் ஹுசைன் குழு, ஒதுக்கீட்டை எடுத்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தது. அதற்குள் பட்டியலில் இருந்த பல பண்டங்களைத் தாராளமாக இறக்குமதி செய்யலாம் என்றாகியிருந்தது. வெளிநாட்டுப் பெரிய ஆலை நமக்கு விற்கலாம், நம் ஊர்ப் பெரிய ஆலை செய்யக்கூடாது! அரசு அந்த அறிக்கையை மரியாதையாக வாங்கி வைத்துக்கொண்டு, அதே வருடம் முதலீட்டு வரம்பை மூன்று கோடி ஆக்கியது. 1999-ல் திரும்ப ஒரு கோடிக்கு இறக்கியது. ஏன் ஏற்றினார்கள் என்று கேட்டவர்களே ஏன் இறக்கினார்கள் என்றும் கேட்டார்கள்.

பட்டியல் தவணை தவணையாகக் கரைந்தது. ஆயத்த ஆடையை விடுவிக்கவே புது நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. அதற்குள் சீனாவின் பெரிய ஆலைகள் உலகத்துக்கே சட்டை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தன. 2015 ஏப்ரலில் மிச்சமிருந்த இருபதும் விடுதலை: ஊறுகாய், ரொட்டி, மெழுகுவத்தி, ஊதுவத்தி, கண்ணாடி வளையல், பூட்டு, எவர்சில்வர் பாத்திரம், தீப்பெட்டி, பட்டாசு… 2017-ல் மூன்று பொருளாதார அறிஞர்கள் அமெரிக்க ஆய்விதழ் ஒன்றில் கணக்குப் பார்த்துச் சொன்னார்கள்: ஒதுக்கீடு எடுக்கப்பட்டதன் தாக்கம் அதிகம் இருந்த மாவட்டங்களில் வேலைவாய்ப்பு கூடியிருக்கிறது. 1967-ல் ஆரம்பித்த மாத்திரைக்கு, சரியாக ஐம்பது வருடம் கழித்து ரத்தப் பரிசோதனை ரிசல்ட்.

ஒன்றை மறைக்கக் கூடாது. சின்னப் பட்டறைக்குக் கடன் கொடுத்ததும் கிண்டி மாதிரித் தொழிற்பேட்டைகளில் ஷெட்டும் கரண்டும் கொடுத்ததும் நல்ல காரியங்கள். பலர் அதில் கால் ஊன்றினார்கள். பட்டாசை விடுவித்தும் சிவகாசியை யாரும் தூக்கிக்கொண்டு போய்விடவில்லை, நாட்டின் பெரும்பங்கு பட்டாசு இன்றும் அங்கிருந்துதான் போகிறது.

2025 ஏப்ரல் முதல், விற்றுமுதலும் வரம்புக்குள் இருந்தால், இயந்திரத்தில் 25 கோடி வரை போட்டாலும் நீங்கள் 'சிறு' தொழில்தான். ஆகவே, தகரத் தடுப்பை எடுத்துவிடலாம். மச்சானிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுங்கள்.