கிருஷ்ணசாமிக்கு ஒரு வெங்காயமும் இல்லை

சிராங்கூனிலிருந்து 'சி'யைக் கழற்றினால் ராங்கூன். வரைபடத்திலும் ஏறக்குறைய அப்படித்தான். தேக்காவில் இட்லியை முடித்துவிட்டுச் சிராங்கூன் சாலையில் வடக்கே நடந்தால், இடப்பக்கம் ரங்கூன் சாலை பிரியும். அதில் புகுந்தால் மோல்மேன், மாண்டலே, மார்ட்டபான், பெகு, ஐராவதி என்று பர்மாவையே துவைத்துக் காயப்போட்டது போலத் தெருக்கள்.

இந்தக் குட்டி பர்மாவுக்குள்தான் சிங்கப்பூர் தன் கிருமிக்காரர்களை நூறாண்டுக்கு மேலாக வைத்திருக்கிறது. 1913இல் மோல்மேன் சாலையில் ஒரு தொற்றுநோய் முகாம் வந்தது. 1920இல் அதற்கு மிடில்டன் மருத்துவமனை என்று பெயர். மிடில்டன் நகராட்சியின் சுகாதார அதிகாரி. பக்கத்திலேயே டான் டோக் செங் மருத்துவமனை. அவர் பணம் கொடுத்தவர். இரண்டுமே நியாயம்: ஒருவர் வேலை பார்த்தார், ஒருவர் காசு போட்டார், பெயர் கிடைத்தது. 2019இல் அதே வட்டாரத்தில் 330 படுக்கைகளோடு தேசியத் தொற்றுநோய் நிலையம் திறந்தார்கள். ஆள் பெயர் எதுவும் இல்லை. சண்டையே வராது.

பெயர்ச் சண்டை தெரிய வேண்டுமென்றால் அசல் ரங்கூனுக்குக் கப்பலேற வேண்டும்.

1911. ரங்கூன் பொது மருத்துவமனையின் பிணவறை. கேப்டன் ஆல்ஃபிரட் விட்மோர் அங்கே நோய்க்குறியியல் துரை. உடனிருந்த உதவியாளர் சி.எஸ். கிருஷ்ணசாமி. பெயரைக் கேட்டதுமே நம்ம ஆள் என்று மனம் துள்ளுகிறது, கொஞ்சம் அடக்கிக்கொள்வோம். மேசைக்கு வந்தவர்கள் பலரும் வீடு வாசல் இல்லாதவர்கள், மார்ஃபியா ஊசிக்கு அடிமையானவர்கள். அறுத்துப் பார்த்தால் நுரையீரல், கல்லீரல், மண்ணீரல் எல்லாம் சீழ்க்கட்டி. குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் நோய் மனிதரைப் பிடித்தால் இப்படித்தான் இருக்கும். ஆனால் இவர்கள் குதிரையோடு பழகியவர்கள் இல்லை. ரேஸ்கோர்ஸ் பக்கம் போய்ப் பந்தயம் கட்டக்கூட நாலணா இல்லாத கூட்டம்.

இருவரும் கிருமியைப் பிரித்து அகரில் வளர்த்தார்கள். அகர் என்றால் நம் வீட்டுக் கடல்பாசிதான், ரோஜா எசன்ஸ் மட்டும் கிடையாது. சொல்லே மலாய்ச் சொல். அதை ஆய்வகத்துக்குள் கொண்டுவந்த கதையும் இந்தப் பக்கத்துச் சமையலறைக் கதைதான். 1881இல் ஜெர்மனியில் வால்தர் ஹெஸ்ஸே என்ற விஞ்ஞானியின் ஜெலட்டின் தட்டுகள் வெயிலில் உருகி ஓடின. மனைவி ஃபேனி, ஜாவாவில் இருந்துவந்த குடும்பத்திடம் கற்ற பாகத்தை எடுத்துவிட்டார்: "அகர் போட்டுப் பாருங்களேன்." உலகத்து ஆய்வகமெல்லாம் இன்றும் அந்த அம்மா சொன்ன பதத்தில்தான் கிண்டுகிறது. தட்டுக்கோ பெட்ரியின் பெயர். அம்மாவின் பெயர் சாமானில் எதிலும் இல்லை. இதை நினைவில் வையுங்கள், வழக்கு இன்னும் இருக்கிறது.

ரங்கூன் கிருமி தட்டில் அடர்த்தியாக, அவசரமாக வளர்ந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால் நீந்தியது. கிளாண்டர்ஸ் கிருமிக்கு நீந்தத் தெரியாது. ஆகவே இது புது ஆசாமி. 1912இல் 'இந்தியன் மெடிக்கல் கெஸட்'டில் விட்மோர், கிருஷ்ணசாமி இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது. 38 நோயாளிகள். அதுவரை யாரும் எழுதியிராத நோய். அடுத்த ஆண்டு விட்மோர் தனியாக இன்னொரு கட்டுரை எழுதினார். கிருமிக்குப் 'பேசிலஸ் சூடோமல்லியை' என்று நாமகரணம். பஃபலோ ரோட்டில் சரம் தொடுக்கிறார்களே, அந்த மல்லிக்கும் இதற்கும் தொடர்பில்லை. மல்லியை என்பது குதிரைக் கிருமி. இது போலி மல்லியை.

நோய்க்கு என்ன பெயர்? விட்மோர் நோய். கிருஷ்ணசாமி எங்கே போனார்?

ஊருக்குப் போய்விடவில்லை. 1917இல் அதே பத்திரிகையில் தனியாக ஒரு கட்டுரை எழுதினார், 200க்கு மேற்பட்ட நோயாளிகளோடு. கிருமி கண்டவர்களில் ஒருவர், நோயாளி எண்ணிக்கையில் துரையைத் தூக்கிச் சாப்பிட்டவர், தன் கட்டுரைக்குத் தலைப்பு வைக்கிறார்: மார்ஃபியா ஊசிக்காரர்களின் இரத்த நஞ்சு. அடைப்புக்குறிக்குள்: விட்மோர் நோய்!

ஐயா கிருஷ்ணசாமி, பேனா உம் கையில்தானே இருந்தது? துரைக்குப் பயமோ, பண்போ, அச்சுக்கோப்பவர் கேட்டுக்கொண்டாரோ. நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில்கூட 'நல்வரவை விரும்பும்' என்று கடைசியில் பொடி எழுத்தில் அத்தனை சித்தப்பாவையும் போட்டுவிடுவோம். இவர் தன்னை அதில்கூடச் சேர்த்துக்கொள்ளவில்லை.

அப்புறம் கோலாலம்பூர்க்காரர்கள் வந்தார்கள். 1913இலேயே அங்கிருந்த மருத்துவ ஆய்வுக் கழகத்தில் முயலும் கினிப் பன்றியும் வரிசையாகச் செத்தன. ஸ்டேன்டன், ஃப்ளெட்சர் இருவரும் துருவிப் பார்த்து, இதுவும் ரங்கூன் சரக்குதான் என்றார்கள். 1921இல் 'மெலியாய்டோசிஸ்' என்று பெயர் வைத்தார்கள். கழுதைக்கு வரும் நோயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தது. ஆக விட்மோர் போய்க் கழுதை வந்தது. பழியைத் தூக்கி எலியின் தலையில் போட்டதும் இவர்களே. எலியிடம் வக்கீல் இல்லை. குற்றவாளி சேற்றிலேயே உட்கார்ந்திருக்கிறான் என்று 1955இல் வியட்நாம் பக்கம் சேற்றைச் சோதித்துக் காட்டும்வரை வாய்தாதான்.

ஆம், மண்ணில்தான் இருக்கிறது. நம் சிங்கப்பூர் மண்ணிலும். தெரு கூட்டி, புல் வெட்டி, பூச்செடிக்கும் கணக்கு வைத்திருக்கும் ஊரில், அனுமதி கேட்காமல் குடியிருக்கும் பழைய வாசி. கனமழையில் கிளம்பி, காலில் உள்ள சின்னக் கீறலிலோ மூச்சிலோ ஏறிக்கொள்ளும். 1989 முதல் மருத்துவர்கள் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய் இது. காசநோய் போல வரும், நிமோனியா போல வரும், வெறும் கட்டி போலவும் வரும். சர்க்கரைக்காரர்கள் மேல் இதற்குத் தனிப் பிரியம். நான் தேக்காவில் சர்க்கரை போடாத 'தே ஓ கோசோங்' கேட்பதில் பாதிக் காரணம் மனைவி, மீதி இந்தக் கிருமி.

உயிரணுவுக்குள் புகுந்தபின் செய்யும் வேலை இன்னும் அழகு. பக்கத்து உயிரணுவோடு உள்ள சுவரை உடைத்து, இரண்டையும் ஒரே கூடமாக்கிவிடும். பிறகு மூன்றாவது, நான்காவது. வீவக வீட்டில் ஒரு சுவரை இடிக்க நாம் எத்தனை படிவம் நிரப்புகிறோம்! தேசியப் பல்கலைக்கழகத்தில் கான் யுன் ஹுவெனும் அவர் குழுவும் ஆண்டுக்கணக்காக இந்தக் கிருமியின் சேட்டைகளைத்தான் ஆராய்கிறார்கள்.

அவர்கள் வேலையில் உள்ள கேலியைச் சொல்லாமல் விடக்கூடாது. இது உயிரியல் ஆயுதமாகலாம் என்று அமெரிக்கா அஞ்சுகிறது. இங்கும் இதைத் தொட அனுமதி வேண்டும், காற்று கசியாத அறை வேண்டும், அங்கி, கையுறை, முகக்கவசம், கையெழுத்து. இவ்வளவும் முடித்து உள்ளே போனால் தட்டில் இருப்பது வெளியே தோட்டத்தில் ஒருவர் வெறுங்கையால் கிளறிக்கொண்டிருக்கும் அதே மண்ணின் பிள்ளை. கூட்டமாக வளரும்போது மழை விழுந்த மண் போல வாசம் வருமாம். தட்டை மூக்கருகே கொண்டுபோகவே கூடாது என்பது ஆய்வகத்தில் முதல் பாடம். அரை நூற்றாண்டாக மண்வாசனை, மண்வாசனை என்று கதை எழுதிய நம் ஆட்களை அந்த அறைப்பக்கம் விடாமல் இருப்பது நல்லது.

பெயர் வழக்குக்கு வருவோம். போலி மல்லியைக்கு முன்னால் நிற்கும் இனப்பெயரை வகைப்பாட்டுக்காரர்கள் சட்டை போல மாற்றினார்கள். பேசிலஸ், மல்லியோமைசிஸ், சூடோமோனாஸ். 1992இல் பர்க்கோல்டேரியா. யார் இந்த பர்க்கோல்டர்? அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்துத் தாவர நோய் நிபுணர். ரங்கூன் பிணவறைக்கும் அவருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அவர் 1950இல் விவரித்தது, வெங்காயத்தை அழுக வைக்கும் கிருமியை. இரண்டும் ஒரே இனம் என்றார்கள், பெயர் அவருக்குப் போயிற்று. துரைக்கு நோய், வெங்காயக்காரருக்குக் கிருமி, கழுதைக்குக்கூட ஒரு பங்கு. கிருஷ்ணசாமிக்கு? பெரியார் இருந்திருந்தால் ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்லியிருப்பார்.

போன வாரம் தேக்கா சந்தையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஒன்று விரலுக்கு நெகிழ்ந்தது. தோலை உரித்தால் உள்ளே ஒரு அடுக்கு மட்டும் வழவழவென்று வழுக்கியது, காடி போலப் புளிப்பு நெடி. பர்க்கோல்டரே நேரில் வந்தாற்போல எனக்குப் புல்லரித்தது.

"அக்கா, இதுக்குப் பேர் தெரியுமா?"

கடைக்கார அக்கா என் கையிலிருந்து பிடுங்கிக் கூடையில் எறிந்தார்.

"அழுகினதுக்கு என்னண்ணே பேரு? ரெண்டு கிலோவா, மூணு கிலோவா?"